கண்ணாடிக்குள் ஒரு மலை

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் எதிரில் இருக்கிறது. கடிதம் நாலு பக்கம். அவற்றில் மூன்று பக்கங்களை அவருடைய மாமியார் ஆக்கிரமித்துக் கொண்டிருக்கிறார். ஆகையால் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லுகிறேன்.

சகோதரியின் மைத்துனர் 4 அடி நீளமும், 1½ அடி அகலமும், 1½ அடி உயரமும் உள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை வாங்கி வந்து மாடிக் கூடத்தில் வைத்துவிட்டு, உத்தியோகம் பார்க்கும் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாராம். வீட்டுக் குழந்தைகள் இருவரும் அந்தத் தொட்டிக்குள் ஒரு பழனி மலையை எழுப்பி, உச்சியில் சிறு கோயில் ஒன்றையும் வைத்தாலன்றிச் சாப்பிடுவதில்லை என்று சத்தியாக்கிரகம் தொடங்கியிருக்கிறார்கள். உறவினர் தோட்டத்திலிருந்து கொண்டு வந்த கற்கள் வாசல் திண்ணையில் குவிந்து கிடக்கின்றன. "கண்ணாடிக்குள்ளே கல்லைப் போட்டால் உடையாமல் என்ன செய்யும்?" என்று மாமியார் கேட்கிறார். கணவரோ இரு கட்சிக்கும் தலையை அசைத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுகிறார். "யார் சொல்லுவது சரி? தாங்கள்தான் தீர்ப்புக் கூற வேண்டும்" என்பது சகோதரியின் வேண்டுகோள்.

மாமியார் அவர்கள் சொல்லுவதில் பாதி சரி. கல்லினால் கண்ணாடி உடைவது உண்டு. ஆனால் கல்லின் பாரத்தினால் உடைவது அபூர்வம். கல்லை வைத்த முறையினால் உடைவதே அதிகம்.

கண்ணாடியின் சுபாவம் விசித்திரமானது. அழுத்துவதை அது மலைபோல் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. கண்ணாடித் தகடு ஒன்றை இரு ஓரங்களில் தாங்கி நடுவில் அழுத்தினால், அதன் மேற்புறம் நெருங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத கீறல் ஒன்று இருந்தால் போதும். அது அங்கிருந்து வளர்ந்து, ஒரு நாள் நுனி முதல் நுனி வரை ஓடிவிடும். கடையில் கண்ணாடி வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கத்தியால் அறுப்பதில்லை. மெல்லிய கோடு ஒன்று கிழிக்கிறார். மேஜை விளிம்பில் வைத்து லேசாய் அழுத்துகிறார். கண்ணாடி கோட்டின் வழியே பிளந்து கையோடு வருகிறது. தொட்டிக்குள் தவறாய் வைத்த கல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. அவர் ஒரு நொடியில் செய்வதை அது பல மாதம் எடுத்துக்கொண்டு செய்யும், அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே, பாரம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எவ்வளவு இடத்தில் பரவி நிற்கிறது என்பதே முக்கியம். சகோதரியின் தொட்டியில் விளிம்பு மட்டும் ஜலம் விட்டால் ஏறக்குறைய 255 லிட்டர் பிடிக்கும். அதாவது 255 கிலோ. இந்தக் கால் டன் பாரத்தை அடிக்கண்ணாடி சிரமமின்றிச் சுமக்கிறது. ஏனெனில் ஜலம் ஒவ்வோர் அங்குலத்தின் மேலும் ஒரே சீராய் உட்காருகிறது. 5 கிலோ உள்ள கல் ஒன்று கூரிய முனையின் மேல் நின்றாலோ, தட்டையான கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரே ஒரு மணற்பரல் அகப்பட்டுக்கொண்டாலோ கதை வேறு. யானை நடந்த இடத்தில் சுவடுதான் விழுகிறது. முள் குத்தின இடத்தில் அல்லவா ரத்தம் வருகிறது!

இதை நான் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அப்படியில்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டில் 3 அடித் தொட்டி ஒன்று இருந்தது. மூன்று அங்குலத்துக்கு மணலைப் பரப்பி, அதன் மேல் கருங்கற்களை அடுக்கி, நானும் ஒரு மலையை எழுப்பினேன். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துப் பிரமித்தார்கள். நானும் அந்தப் புகழில் மயங்கித்தான் இருந்தேன். தொட்டியில் எலுமிச்சம்பழ நிறத்தில் சில மீன்களும், நீல நிறத்தில் சில மீன்களும் இருந்தன. மஞ்சள் மீன்களில் ஒன்று, முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு, பல நாளாய் இரை தொடாமல், மலையடிவாரத்துக் குகையில் ஒதுங்கியிருந்தது. இந்த ஜாதியில் தாய் மீன் மூன்று வாரம் வரையில் இவ்விதம் உபவாசம் இருந்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கின பிறகே வாயைத் திறக்கும். வீட்டுக் குழந்தைகள் காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் இரவு கூடத்தில் "டக்" என்று ஒரு சப்தம் கேட்டது. பூனை என்று எண்ணிப் புரண்டு படுத்துக்கொண்டேன். காலையில் பார்த்தால், மலையின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பெரிய கல் ஒன்று குகை வாயிலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் அடியில் மஞ்சள் வால் ஒன்று தெரிந்தது. தொட்டியின் அடிக்கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து நடுவரை தலைமயிர் போன்ற விரிசல் ஓடியிருந்தது. கீழே புஸ்தக அலமாரியின் மேல் சொட்டுச் சொட்டாய் ஜலம் விழுந்துகொண்டிருந்தது. பிழைத்த மீன்களை வாளிகளுக்கு மாற்றிவிட்டு, கல்லை எடுத்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. நீல மீன் ஒன்று கல்லுக்கு அடியில் மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே துப்பி, தனக்கு ஓர் அறை தயார் செய்துகொண்டிருந்திருக்கிறது. பஞ்சாங்கம் போட்டுக் கட்டின வீட்டுக்கும் அஸ்திவாரம் மணலாயிருந்தால் நிற்குமா? குழந்தைகளிடம் காலண்டரைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவர்களும் எடுக்கவில்லை.

நிற்க. கோயம்புத்தூர்த் தொட்டிக்கு "மலாவி சிச்லிட்" என்னும் மீன்களை வாங்கலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்லியிருக்கிறாராம். என் வீட்டில் இருந்தவையும் இந்த இனமே. சென்னைக் கொளத்தூரில் வரிசையாயுள்ள அலங்கார மீன் கடைகளில் இவை தாராளமாய்க் கிடைக்கின்றன. ஆனால் இவற்றின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கே ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 700 மீட்டர் ஆழமும் உள்ள மகா ஏரி ஒன்று இருக்கிறது. 1859-ல் லிவிங்ஸ்டன் துரை அதன் கரைக்குப் போய்ச் சேர்ந்து, ஜனங்களிடமிருந்து கேட்டறிந்த 'நியாஸா' என்னும் சொல்லையே அதற்குப் பெயராய் எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு ஏரி என்றுதான் பொருளாம். ஆகவே ஆங்கிலப் படங்களில் அது வெகு காலம் 'ஏரி ஏரி' என்றே அச்சாகி வந்தது. பக்கத்திலிருந்த நியாஸாலாந்து 1964-ம் வருஷம் ஜூலை 6-ம் தேதி சுதந்தரம் பெற்று மலாவி ஆயிற்று. அத்துடன் ஏரியும் மலாவி ஏரி ஆயிற்று. டான்ஸானியாவில் இன்றைக்கும் பழைய பெயரே வழங்குகிறது.

அந்த ஏரியின் கரையோரங்களில் பல இடங்களில் பாறை பாறையாய்க் கொட்டிக் கிடக்கும். அப்பாறை இடுக்குகளில் வாழும் சிறு மீன்களை அவ்விடத்து ஜனங்கள் 'ம்புனா' என்று அழைக்கிறார்கள். பாறை மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பது, ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொண்டு அயலானை விரட்டுவது, பொந்து போதாவிட்டால் தோண்டிப் பெரிதாக்குவது – இவைதான் அவற்றின் தினசரி அலுவல்கள். கல் இல்லாத தொட்டியில் இவற்றை விட்டால், ஒளிய இடமில்லாமல் பலம் குறைந்தவை அடிபட்டுச் சாகும். ஆகவே குழந்தைகள் கேட்கும் மலை வெறும் அலங்காரமன்று. மீன்களுக்கு அதுவே வீடு. அந்த வீட்டுக்கு அடியில் குடியிருப்பவர்களே கடப்பாரையும் கையுமாய் இருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் மறக்கக் கூடாது.

ஜப்பான் தேசத்துத் தொட்டிகளின் படங்களைப் பார்த்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்லக்கூடும். தகாஷி அமானோ (1954–2015) என்னும் கலைஞர் பச்சைப் புல்வெளியின் நடுவே மூன்று கல், ஐந்து கல் என்று ஒற்றைப்படையில் நிறுத்தி உலகத்தையே மயக்கினார். அவருடைய கற்கள் மண்ணில் புதைந்துதானே நிற்கின்றன? வாஸ்தவம். ஆனால் அத்தொட்டிகளில் நீந்துபவை ஊசி போன்ற சின்னஞ் சிறு மீன்கள், அவை தோண்டுவதில்லை. கற்களும் ஒன்றின் மேல் ஒன்றாய் ஏறி நிற்பதில்லை. மலாவி மீன்களுக்கும், நம்மவர் வீடுகளில் இப்போது செல்லப் பிள்ளையாய் வளரும் பிளவர் ஹார்ன் மீனுக்கும் அந்த முறை உதவாது. பிளவர் ஹார்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது சிறு கற்களை முட்டித் தள்ளிக் கண்ணாடி மேல் மோதவும் செய்யும்.

எனவே எல்லாவற்றுக்கும் முதல் விதி இது: கல் முன்னே, மணல் பின்னே. கீழ்வரிசைக் கற்கள் தொட்டியின் அடியிலேயே ஊன்றி நிற்க வேண்டும். அவை நின்ற பிறகு சுற்றிலும் மணலைச் சொரிய வேண்டும். அப்புறம் மீன் எவ்வளவு தோண்டினாலும், மணல் நகருமேயன்றிக் கல் நகராது.

ஆனால் கற்களை நேரே தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். கூடத்துத் தரையில் கோலமாவினால் 4 அடிக்கு 1½ அடி நீள்சதுரம் ஒன்று போடுங்கள். அதற்கு உட்புறமாய் நாலு விரற்கடை தள்ளி இன்னொரு கட்டம் போடுங்கள். வெளிக்கட்டம் தொட்டியின் சுவர். உட்கட்டம் மலையின் எல்லை. எந்தக் கல்லும் உட்கட்டத்தைத் தாண்டலாகாது. இந்த இடைவெளி இருந்தால்தான் கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்கக் கை நுழையும். கல் ஒன்று சரிந்தாலும் கண்ணாடியை எட்டாது. சிலர் கல்லைப் பக்கக் கண்ணாடியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, "ஆடாமல் நிற்கிறது" என்று திருப்தி அடைகிறார்கள். 4 அடி நீளமுள்ள அந்த முன் கண்ணாடியை 45 செண்டிமீட்டர் உயரமுள்ள ஜலம் ஏறக்குறைய 120 கிலோ வலுவுடன் ஏற்கெனவே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் முதுகில் கல்லையும் சாய்ப்பது தர்மமன்று.

இனி மலையை அடுக்கும் விதம். இதற்கு எஞ்ஜினீயர் வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களின் அடுப்பே போதும். மூன்று கற்களை முக்கோணமாய் வைத்து அதன் மேல் பானையை ஏற்றினால், தரை எவ்வளவு மேடு பள்ளமாயிருந்தாலும் பானை ஆடுவதில்லை. நாலு கால் உள்ள முக்காலியை – மன்னிக்கவும், நாற்காலியைச் – சமமில்லாத தரையில் போட்டால் ஒரு கால் எப்போதும் அந்தரத்தில்தான் நிற்கும். அதே போல ஒவ்வொரு கல்லும் மூன்று இடங்களில் பதியும்படி திருப்பித் திருப்பிப் பாருங்கள். மிகவும் கனமானதும் தட்டையானதும் கீழே. மேலே வைக்கும் கல், கீழே உள்ள இரண்டு கற்களின் சந்திப்பை மூடி உட்காரட்டும். கொத்தனார் செங்கல்லை இணைப்பு மாற்றி வைப்பதைப் போல. நேர்க்குத்தாய்த் தூண்போல் ஏற்ற வேண்டாம். மேலே போகப் போகப் பின்னுக்குத் தள்ளிச் சரிவாய்க் கட்டுங்கள். தொட்டியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மலை வளர வேண்டியதில்லை. இடுக்கில் சிறு சில்லைச் செருகி ஆட்டத்தை நிறுத்துவது அம்மிக்கும் உரலுக்கும் சரி. இங்கே அந்தச் சில்லையும் ஒரு நாள் மீன் உருவிவிடும். சில்லு தேவைப்படும் கல்லை மாற்றிவிட்டு வேறு கல்லைத் தேடுவதே நல்லது.

மாமல்லபுரத்தில் கிருஷ்ணனுடைய வெண்ணெய்க்கட்டி என்று பெயர் பெற்ற பாறையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய 250 டன் எடை என்கிறார்கள். வழுக்கும் சரிவில், இதோ உருளப் போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டு நிற்கிறது. 1908-ல் கவர்னராயிருந்த ஸர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுக்கச் சொல்லியும் அது அசையவில்லை என்று ஒரு கதை வழங்குகிறது. வெள்ளைக்கார கவர்னருக்கு மசியாத பாறை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆயினும் குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து தொட்டிக்குள் ஒரு வெண்ணெய்க்கட்டி நிறுத்த ஆசைப்பட்டால், தயவு செய்து இடம் கொடுக்க வேண்டாம்.

தரையிலே மலை எழுந்த பிறகு பரீட்சை. உச்சிக் கல்லை ஒரு கையால் பிடித்து, பிடிவாதக்காரக் குழந்தை இழுப்பதைப் போல் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். 'கடக்' என்று ஒரு சப்தம் வந்தாலும் பிரித்துவிட்டு மறுபடியும் அடுக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு மலைக்கு மூன்று மாலைப் பொழுதுகள் பிடித்தன. திருப்தியான பிறகு நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கற்களுக்குச் சாக்கட்டியால் எண் போட்டு, அதே வரிசையில் தொட்டிக்குள் இறக்குங்கள்.

இறக்கும்போது அடிக்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, ஒரு பரல் மணல்கூட இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பு மெத்தை ஒன்று போட வேண்டும். ஆபீஸ்களில் மேல்தளத்து விளக்குகளுக்குக் கீழே கட்டங்கட்டமாய் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தட்டி ஒன்று பொருத்தியிருக்கும். அதை மலை நிற்கும் இடத்தின் அளவுக்கு வெட்டிப் போட்டால், கல்லின் முனை கட்டங்களில் பதிந்து வழுக்காமல் நிற்கும், பாரமும் பரவும். அது கிடைக்காவிட்டால் மெல்லிய அக்ரிலிக் தகடு போதும். தெர்மோகோலை உள்ளே போடாதீர்கள்; அது மிதக்கப் பார்க்கும், மீன்களும் கொறிக்கும். 10 கிலோவுக்கு மேற்பட்ட கல்லை இறக்க இரண்டு பேர் வேண்டும். குழந்தைகள் அப்போது மேற்பார்வை மட்டும் செய்யட்டும்.

இங்கே அர்க்கிமிடீஸைச் சற்றே நினைத்துக்கொள்ள வேண்டும். கருங்கல் தன் பருமனுள்ள ஜலத்தைப் போல் ஏறக்குறைய 2.7 மடங்கு எடையுள்ளது. ஆகவே 10 கிலோக் கல்லை ஜலத்தில் மூழ்க வைத்தால், அது 3.7 லிட்டர் ஜலத்தை விலக்கிவிட்டு, அடியில் 6.3 கிலோவாய்த்தான் நிற்கிறது. கேட்க இதமாயிருக்கிறதல்லவா? ஆனால் இதில் ஒரு சூது இருக்கிறது. வாரந்தோறும் ஜலத்தைப் பாதி இறைத்து மாற்றும்போது, மேல் கற்கள் வெளியே வருகின்றன. வந்தவுடன் அவற்றின் முழு எடையும் திரும்பிவிடுகிறது. ஜலத்துக்குள் சாதுவாயிருந்த அடுக்கு அந்நேரத்தில் நெளியலாம். அதே வேளையில் நம் கையும் குழாயும் உள்ளே துழாவிக்கொண்டிருக்கும். என் அனுபவத்தில் கல் சரிந்த சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவை இரவில் அல்ல, இப்படிச் சுத்தம் செய்யும் வேளையில்தான். ஆகையால்தான் ஜலம் இல்லாமல் தரையிலேயே ஆட்டிப் பார்க்கச் சொன்னேன்.

அப்படியும் பயம் தீராதவர்கள் மேல் கற்களைப் பசையிட்டு ஒட்டிவிடலாம். தொட்டியின் கண்ணாடிகளை இணைக்கும் சிலிகோன் பசையே இதற்கும் உதவும். கல் சுத்தமாயும் உலர்ந்தும் இருந்தால்தான் பிடிக்கும். ஒட்டிய பிறகு அதன் வினிகர் வாடை அடியோடு மறையும் மட்டும் ஜலத்தில் இடக் கூடாது. குளியலறைக்கென்று விற்கும் பசைகளில் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். அது மீனையும் கொல்லும்; வாங்கும்போது பார்த்து வாங்குக. ஆனால் ஒன்று: ஆடுகிற அடுக்கைப் பசையால் நிறுத்த முயல வேண்டாம். பசை, நிற்கிற அடுக்குக்குத் துணை, அவ்வளவுதான்.

தொட்டிக்கு உள்ளே இவ்வளவு ஜாக்கிரதை செய்துவிட்டு வெளியே அலட்சியமாயிருந்தால் பயனில்லை. ஜலம், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 350 கிலோவுக்குக் குறையாது. ஆறு பெரியவர்கள் 6 சதுர அடியில் நெருங்கி நின்றுகொண்டு, வருஷக் கணக்கில் நகராமல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் என்றால் கூடத்தின் நடுவில் வேண்டாம். சுவரோரமாய், கீழே உத்தரம் ஓடும் இடமாய்ப் பாருங்கள். கொத்தனாரிடம் உள்ள ரசமட்டத்தை வாங்கி, ஸ்டாண்டின் நீளத்திலும் அகலத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் தவறினால் அடிக்கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். அதன் மேல் கல்லும் ஏறினால் விபரீதம். சட்டமில்லாத தொட்டியாயின் அதன் கீழே முழு அளவுக்குத் தெர்மோகோல் தகடு போடுவது வழக்கம், நல்ல வழக்கமே. ஆனால் அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு அதைப் போடக் கூடாது. அதில் சட்டம்தான் பாரத்தைத் தாங்குகிறது. கண்ணாடி சற்று உயர்ந்து நிற்கிறது. தெர்மோகோல் நடுவில் பிதுங்கி அதை மேலே தள்ளும். அடிக்கண்ணாடி டெம்பர்டு வகையா, சாதாரண வகையா என்றும் கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள். டெம்பர்டு வகை பலம் மிக்கது. ஆனால் கல் பட்டு உடைந்தால் விரிசலோடு நிற்காது, ஒரே கணத்தில் பொடிப் பொடியாய் உதிர்ந்துவிடும்.

எந்தக் கல் உகந்தது என்று சகோதரி கேட்டிருக்கிறார். கருங்கல்லுக்கு நிகரில்லை. செம்புறாங்கல் இலேசானதாயினும் உதிரும். சுண்ணாம்புக் கல்லின் மேல் வினிகர் விட்டால் நுரைக்கும். அத்தகைய கல் ஜலத்தைக் கடினமாக்கும். மலாவி ஏரியின் ஜலமே காரத்தன்மை உள்ளதாகையால், அம்மீன்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. மற்ற மீன்கள் பலவற்றுக்கு ஆகாது. நம் சமையலறை மேடைகளில் உள்ள கடப்பைக் கல்லும் கறுப்பாயிருக்கிறதேயன்றிச் சுண்ணாம்புக் கல்லின் ஜாதிதான். பளபளக்கும் உலோக ரேகை ஓடிய கல்லும், துருக்கறை படிந்த கல்லும் வேண்டாம். கற்களை அடுப்பில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் புறப்பட வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறக்கூடும். வெந்நீரை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சோப்புக் கூடாது.

பவளப் பாறைத் துண்டு அழகாயிருக்குமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாய்ப் பவளப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததில், இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2001 முதல் பவளங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. கடற்கரையில் யாராவது ரகசியமாய் நீட்டினாலும் வாங்காதீர்கள். நம் தேசத்துக் கரையைக் காக்கும் சுவரிலிருந்து பிடுங்கிய கல் அது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் போட நேரலாம். அதன் உறை பெரும்பாலும் கண்ணாடிக் குழல். மலை சரிந்தால் முதலில் உடைவது அதுவே. உடைந்தால் மின்சாரம் ஜலத்தில் இறங்கும். ஆகவே ஹீட்டரை மலைக்கு எட்டாத மூலையில் பொருத்துங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் ஹீட்டர், பம்பு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. குழந்தைகளுக்கு இதை ஒரு தடவை சொன்னால் பற்றாது, தினம் சொல்லுங்கள்.

மலை நின்றாயிற்று, மணலும் சொரிந்தாயிற்று என்றால், மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதில் ஜலத்தை மெதுவாய் ஊற்றுங்கள். நிறைந்த பிறகு ஒரு வாரம் மீன் விடாமல் வைத்து, அடியில் காகிதத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் படுகிறதா என்று தெரிந்துவிடும். பழனிக் கோயிலைச் சுட்ட மண்ணில், சாயம் பூசாமல் செய்யச் சொல்லுங்கள். உட்புறம் மீன் நுழையும்படி வாசல் பெரிதாயிருக்கட்டும். அதை உச்சிக் கல்லோடு பசையிட்டு ஒட்டிய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

மாமியார் அவர்களுக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவியுங்கள். கோலக் கட்டத்துக்குள் கீழ்வரிசைக் கற்களை அடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம் என்பது என் தீர்ப்பு. கல் ஆடுகிறதா இல்லையா என்பதை, மூன்று கல் அடுப்பில் எத்தனையோ வருஷம் பானை ஏற்றி இறக்கினவரைவிட நிச்சயமாய்ச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்?